விளக்கப்படம் வரையும் மென்பொருளில் துணைநிரல்கள்: பராமரிப்பும் பழுது காணும் முறையும்

சித்தூர், திருப்பதி ஆகிய இரு மாவட்டங்களிலும் ஏரிகள் சங்கிலிபோல் அமைந்துள்ளன. மேல் ஏரி நிரம்பியதும் அதன் கலங்கல் வழியே வெளியேறும் நீர் கீழ் ஏரியை அடைகிறது. 2021 நவம்பரிற் பெய்த பெருமழையின்போது திருப்பதியை அடுத்த ராயலசெருவு ஏரியின் கரையிற் கசிவு கண்டு, தாழ்ந்த பகுதிக் கிராமங்களில் வாழ்ந்தோர் பாதுகாப்பான இடங்களுக்கு அப்புறப்படுத்தப்பட்டனர். இத்தகைய வேளைகளில், எந்த ஏரியின் நீர் எங்கே செல்லும் என்பதை ஒரே பார்வையிற் காட்டும் விளக்கப்படம் களப்பணியாளருக்குப் பெருந்துணையாகும். அப்படத்திற் பிழை நேர்ந்தால் அதே அளவுக்குத் தீங்கும் விளையும். ஆகவே, படம் வரையும் மென்பொருளிற் சேர்க்கப்படும் துணைநிரல்களைப் பேணும் முறையை இப்பாடத்திற் காண்போம்.

துணைநிரல் என்பது யாது?

கட்டங்களையும் அம்புக்குறிகளையும் இணைத்துப் படம் வரைவதற்கு வழங்கும் மென்பொருள்களுள் விசியோ ஒன்று. 1992இல் முதன்முதலாக வெளிவந்த இதனை 2000ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன்வயமாக்கிக் கொண்டது. இம்மென்பொருளில் இயல்பாக இல்லாத ஒரு வேலையைச் செய்வதற்காகப் பிறர் இயற்றி அதனுடன் பொருத்தும் சிறு நிரலே துணைநிரலாகும்; இதனை ‘ஆட்-இன்’ என வழங்குவர். அட்டவணையிலுள்ள நீர்மட்ட அளவுகளைப் படத்திலுள்ள கட்டங்களில் தானே நிரப்புதல் இத்தகைய வேலைக்கு ஓர் உதாரணம். துணைநிரல் அதனைப் பொருத்திய கணினியில் இருக்கிறதேயன்றி, படக்கோப்பினுள் இருப்பதில்லை. பெரும்பாலான குழப்பங்களுக்கு இதுவே காரணம்.

ஓர் உதாரணம்

2022 ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. சித்தூரில் வரைந்த ஏரிச்சங்கிலிப் படம் ஒன்று திருப்பதிக்கு அனுப்பப்பட்டதாகக் கொள்வோம். அங்கே படம் ஒழுங்காகத் திறக்கிறது. கட்டங்களில் எண்களும் தெரிகின்றன. ஆயினும் அக்கணினியில் துணைநிரல் இயங்காமையால், அவ்வெண்கள் சென்ற வாரத்து எண்களாகவே நின்றுவிடுகின்றன. திறக்காத படத்தைக் கண்டால் நாம் எச்சரிக்கை அடைவோம். பழைய எண்ணைக் காட்டும் படமோ நம்மை ஏமாற்றிவிடும். ஆதலால் ஒவ்வொரு படத்தின் மூலையிலும், அளவு எடுத்த நாளையும் நேரத்தையும் எழுதுவதை வழக்கமாகக் கொள்ள வேண்டும்.

பழுது காணும் முறை

முதலாவதாக, பழுது துணைநிரலில் உள்ளதா, மென்பொருளில் உள்ளதா என்று பிரித்தறிதல் வேண்டும். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே விசியோவைத் திறந்தால், பாதுகாப்பு முறையில் திறக்கவா என்று அது வினவும். இம்முறையில் துணைநிரல்கள் இயங்கா. பழுது இப்போதும் நீடித்தால் வேறிடத்திற் காரணத்தைத் தேடுக. நீங்கிவிட்டால் துணைநிரல்களின்மேல் ஐயம் வலுப்பெறுகிறது.

இரண்டாவதாக, ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘ஆட்-இன்ஸ்’ என முறையே சென்று பட்டியலைப் பார்க்க. பக்கத்தின் அடியிலுள்ள ‘மேனேஜ்’ என்னும் இடத்தில் ‘காம் ஆட்-இன்ஸ்’ என்பதைத் தேர்ந்து, எல்லாவற்றையும் நிறுத்திப் பின்னர் ஒவ்வொன்றாக இயக்குக. ஒவ்வொரு முறையும் விசியோவை மூடித் திறத்தல் அவசியம். பட்டியல் நீண்டதாயின் பாதியை நிறுத்திப் பார்க்கலாம். எட்டுத் துணைநிரல்களில் ஒன்றுமட்டும் பழுதானதெனில் மூன்றே சோதனைகளில் அது அகப்பட்டுவிடும்.

மூன்றாவதாக, மென்பொருளை நிலைகுலையச் செய்த துணைநிரலை விசியோ தானாகவே விலக்கி வைப்பதுண்டு. அதே ‘மேனேஜ்’ என்னும் இடத்தில் ‘டிஸேபிள்டு ஐட்டம்ஸ்’ என்பதைத் தேர்ந்தால் அதனைக் காணலாம். மீண்டும் இயக்குமுன் அதன் புதிய பதிப்பு உளதா என விசாரிப்பது நலம்.

நான்காவதாக, விசியோ 32 பிட் வகையா, 64 பிட் வகையா என்று நோக்குக. ஒரு வகைக்கென ஆக்கப்பெற்ற துணைநிரல்களுள் பல மற்றொன்றில் ஏறா. பழைய கணினியில் இயங்கியது புதியதில் இயங்காமைக்கு இதுவே பெரும்பாலும் காரணமாகும். இணைய உலாவியிற் பயன்படும் விசியோவிலோ ‘காம்’ வகைத் துணைநிரல்கள் அறவே இயங்கா.

ஓர் எச்சரிக்கை

துணைநிரல் இயங்கவில்லை என்றவுடன், ‘டிரஸ்ட் சென்டர்’ பகுதியிலுள்ள பாதுகாப்பு விதிகளைத் தளர்த்துவோர் உளர். இது வீட்டுச் சாவி தொலைந்ததற்காகக் கதவையே பெயர்த்தெறிவதை ஒக்கும். இயற்றியவர் கையொப்பம் பெறாத நிரல், கணினியிலுள்ள பிற கோப்புகளையும் தொட வல்லது. விதி தடுத்தால் அலுவலகக் கணினிப் பொறுப்பாளரிடம் தெரிவிப்பதே முறை. பதிவகம் எனப்படும் ‘ரிஜிஸ்ட்ரி’யைத் திருத்துவதும் அவருடைய பணியே.

பராமரிப்பு

துணைநிரலின் பெயர், பதிப்பு எண், பொருத்திய நாள், அது செய்யும் வேலை ஆகிய நான்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க. படத்தை வேறோர் அலுவலகத்துக்கு அனுப்புகையில் பி.டி.எஃப். பிரதி ஒன்றையும், அக்குறிப்பின் நகலையும் உடன் அனுப்புக. பயன்படாத துணைநிரலை நீக்கிவிடுக. விசியோவின் உயர் பதிப்புகளில் அட்டவணையைப் படத்துடன் இணைக்கும் வசதி இயல்பாகவே உண்டு. அது போதுமாயின் துணைநிரலே வேண்டுவதில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி

சித்தூர் வழியே ஓடும் நீவா நதி, தமிழகத்திற் பொன்னை ஆறு எனப் பெயர் பெற்றுப் பாலாற்றிற் கலக்கிறது. இப்போக்கை மாணவர்கள் முதலில் தாளில் வரையட்டும். பின்னர் துணைநிரல் எதுவுமின்றிக் கணினியில் வரையட்டும். கையால் வரையத் தெரிந்தவனுக்கே கணினி காட்டும் படத்திலுள்ள பிழை புலப்படும்.