கணினிவழிக் கூட்டமும் கருத்து மோதலும்

கூட்டத்தில் ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும். மூத்தவர் முதலில் பேசிவிட்டால், மாற்றுக் கருத்து உடையோர் பலர் வாய் திறப்பதில்லை. இதனை மாற்ற 1980களில் அமெரிக்காவின் அரிசோனா, மின்னசோட்டா பல்கலைக்கழகங்களில் கணினிவழிக் கூட்ட அறைகள் அமைக்கப்பட்டன. அனைவரும் ஒரே நேரத்தில் கருத்துகளைத் தட்டச்சு செய்யலாம். எழுதியவர் பெயரின்றி அவை பொதுத்திரையில் தோன்றும்.

இதனால் மோதல் மறைந்துவிடுவதில்லை. அடங்கிக் கிடந்த வேறுபாடு வெளிப்படுகிறது; விவாதம் ஆளை விட்டுக் கருத்தின்மேல் திரும்ப வழி பிறக்கிறது. ஆனால், கருவி மட்டும் போதாது. பூல், ஹோம்ஸ், டிசாங்டிஸ் ஆகியோரின் 1991ஆம் ஆண்டு ஆய்வில், ஒரே கருவியைக் குழுக்கள் வெவ்வேறு விதமாகப் பயன்படுத்தின. மோதலைக் கையாண்ட விதமும் அதற்கேற்ப வேறுபட்டது. கருத்துகளைப் பட்டியலிட்டதும் வாக்கெடுப்புக்குத் தாவினால் மோதல் தீராது, மூடி வைக்கப்படும்.

கணினி இல்லாத வகுப்பிலும் இதைச் செய்யலாம்:

1. மாணவர்கள் பெயரின்றித் துண்டுச்சீட்டில் கருத்தை எழுதட்டும்.
2. கையெழுத்து அடையாளம் காட்டாதபடி ஆசிரியரே அவற்றைக் கரும்பலகையில் எழுதுக.
3. ஒவ்வொரு கருத்துக்கும் ஆதரவாக ஒரு காரணமும் எதிராக ஒரு காரணமும் பேசப்படட்டும்.
4. அதன் பின்னரே வாக்கெடுப்பு நடத்துக.

எப்போதும் பேசாத மாணவரின் கருத்தும் அன்று கரும்பலகையில் இடம்பெறும்.