கற்கும் இடமும் விளையும் இடமும் ஒன்றே

விவசாயம் படிப்பிக்கும் இடம் எப்படி அமைய வேண்டும்? இக்கேள்வியைக் கேட்டவுடன் எம்மில் பலருக்கு மண்டபம், விடுதி, கரும்பலகை என்பனவே நினைவுக்கு வருகின்றன. ஆனால் உணவை வெளியில் வாங்கி, நீரை பவுசரில் எடுத்து, குப்பையை எரித்துக்கொண்டு நல்ல விவசாயத்தைப் படிப்பிக்க முடியுமா? வகுப்பில் சொல்வதை விட, வளவில் நடப்பதையே பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள்.

1. பெனின் நாட்டில் நடந்தது

மேற்கு ஆபிரிக்காவின் பெனின் நாட்டில் போர்ட்டோ நோவோ என்னும் நகரம் உண்டு. அங்கே 1985ஆம் ஆண்டு, டொமினிக்கன் சபைக் குருவான கொட்ஃபிறி இன்சாமுஜோ அவர்கள் சொங்காய் நிலையத்தைத் தொடக்கினார். ஆபிரிக்கப் பஞ்சத்தின் காட்சிகள் அவரை உலுக்கியிருந்தன. அரசு கொடுத்தது ஒரு ஹெக்டேயர் நிலம், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். பள்ளிப்படிப்பை இடையில் விட்ட சில இளைஞரே அவருடைய முதல் துணை. 1993இல் அவருக்கு ஆபிரிக்கத் தலைமைத்துவப் பரிசு கிடைத்தது.

2. ஒன்றின் கழிவு மற்றதன் உணவு

சொங்காயில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அதன் வட்டம். மாட்டுச் சாணமும் மலசலகூடக் கழிவும் எரிவாயுத் தொட்டிக்குப் போகின்றன. வாயுவில் சமையல் நடக்கிறது. தொட்டியில் எஞ்சும் கரைசல் தோட்டத்துக்குப் பசளையாகிறது. கோழி எச்சத்திலும் கழிவிலும் இலையான் முட்டையிட்டுப் புழு உண்டாகிறது. அப்புழு மீனுக்கு இரையாகிறது. மீன்குளத்து நீர் மரக்கறிப் பாத்திக்குப் பாய்கிறது. கழிவுநீரைத் தெளிவாக்க ஆகாயத்தாமரை உதவுகிறது. பழைய இரும்பில் கருவிகள் செய்யப் பட்டறையும், விளைச்சலை விற்கக் கடையும் உள்ளன. மாணவர் இவை எல்லாவற்றிலும் வேலை செய்தே கற்கிறார்கள்.

3. எமது வரண்ட நிலத்தில் எந்த ஒழுங்கில் தொடங்குவது?

(அ) முதலில் நீர். எமக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையிலேயே கிடைக்கிறது. 100 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 5,000 லீற்றர் நீர் வந்து விழுகிறது. கசிவு போனாலும் 4,000 லீற்றர் அளவில் சேமிக்கலாம். ஆகவே பீலியும் தொட்டியும் கட்டடத்தோடு சேர்த்தே திட்டமிடப்பட வேண்டும்.

(ஆ) அடுத்து, மலசலகூடக் குழியும் மாட்டுக்கொட்டிலும் கிணற்றிலிருந்து குறைந்தது 100 அடி தள்ளி, நீர் ஓடும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் அழுக்கு வெடிப்புகள் வழியே எளிதாகக் கிணற்றை அடைந்துவிடும். அங்கே இதையும் விட அதிக தூரம் விடுவதே நல்லது.

(இ) வேலி வெறும் எல்லையல்ல. கிளிறிசீடியா, பூவரசு, முள்முருங்கைக் கதியால்களை நட்டால் ஆட்டுக்குக் குழையும், தாட்டுப் புதைக்கப் பசுந்தாளும், காற்றுத் தடுப்பும் கிடைக்கும். முன்னோர் செய்ததை நாம் பாடமாக்குகிறோம், அவ்வளவே.

(ஈ) மூன்று நான்கு மாடுகளைக் கொட்டிலில் கட்டி வளர்த்தால், அவற்றின் சாணத்தால் ஒரு குடும்பத்தின் அன்றாடச் சமையலுக்கு வேண்டிய எரிவாயுவில் பெரும்பகுதியைப் பெறலாம்.

(உ) கட்டடம் கடைசியில் வரட்டும். தொடக்கத்தில் ஒரு ஓலைக் கொட்டிலும் ஒரு மரநிழலும் போதும்.

(ஊ) மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்தியும் ஒரு கணக்குக் கொப்பியும் கொடுக்க வேண்டும். விதை, நீர், உழைப்பு, விற்ற தொகை யாவும் எழுதப்பட வேண்டும். நட்டம் வந்தாலும் மறைக்காமல் எழுதப் பழக்க வேண்டும்.

அவசரம் வேண்டாம் என்பதும் ஒரு பாடம். 2021இல் எமது நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. இடையில் கமக்காரர் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. மண்ணை மாற்றுவது கட்டளையால் ஆவதல்ல. கூட்டெருவை முன்னதாகவே ஆயத்தம் செய்து, ஒரு பாத்தியில் முயன்று பார்த்து, பின்பே பெருக்க வேண்டும்.

4. நிலம் எமதல்லாதபோது

இதை வாசிப்போரில் சிலர் சொந்த வளவுக்குத் திரும்பிவிட்டீர்கள். சிலர் இன்னும் பிறர் காணியில் இருக்கிறீர்கள். “நாளை எழும்பிப் போகச் சொன்னால் இந்த மரம் யாருக்கு?” என்று நீங்கள் கேட்பது நியாயமானது. இதற்கு இலகுவான பதில் எம்மிடம் இல்லை. ஆனாலும் எடுத்துச் செல்லக்கூடியவை சில உண்டு. கதியாலையும் முருங்கைத் தடியையும் வெட்டிக் கொண்டுபோய் நடலாம். நாட்டுக் கத்தரி, பயற்றை விதைகளைச் சாம்பலில் கலந்து போத்தலில் காக்கலாம். கீரையும் கொச்சியும் சாக்கிலேயே வளரும். தொழிலும் கணக்கும் பழகிய பிள்ளையின் கையை எவரும் பறிக்க முடியாது. நிலத்துக்கு உறுதி கிடைக்கும் வரை, குறுகிய காலப் பயிரையே முதலில் படிப்பியுங்கள். கல்லால் கட்டும் தொட்டியும் நீண்டகால மரமும் அதன் பின் வரட்டும்.

சிந்தித்துப் பேசுவதற்கு

1. எமது வளவிலிருந்து இன்று வெளியே வீசப்படுபவை எவை? அவற்றில் எதை வேறொன்றுக்கு உணவாக்கலாம்?
2. கடந்த மாரியில் எமது கூரை நீர் எங்கே போனது?
3. எமது பிள்ளைகளுக்குத் தெரியாமல் போன விவசாய வேலைகள் எவை? அவற்றைக் காட்டிக்கொடுக்கக்கூடிய முதியவர் எமது கிராமத்தில் யார்?

மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயர் கிடைத்தால், உங்கள் பயிற்சி நிலையத்துக்கு முதல் ஆசிரியர் கிடைத்துவிட்டார்.