ஹான்ஸை விடுறது ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இன்-பிளான்ட் ட்ரெய்னிங் போனவங்களுக்குத் தெரியும், பெயிண்ட், தின்னர் புழங்குற இடத்தில் நெருப்புக்கு அனுமதி கிடையாது. சிகரெட்டுக்கு வெளியே வரணும். ஹான்ஸ், கூல் லிப், மாவாவுக்கு அது தேவையே இல்லை. உதட்டுக்குள் அடக்கிட்டா ரெண்டு கையும் ஃப்ரீ, பக்கத்தில் நிக்கிறவருக்கும் தெரியாது. நைட் ஷிப்ட்டில் மூணு மணிக்குக் கண் சொக்கும்போது, "இந்தாடா"ன்னு ரூம்மேட் நீட்டுவான். "நாளைலேர்ந்து விட்டுடுறேன்" அங்கேதான் உடையுது.

கொஞ்சம் கெமிஸ்ட்ரி. நிக்கோடின் ஒரு காரம். அயனியாகாத நிக்கோடின்தான் வாய்ச்சவ்வு வழியா சுலபமா ரத்தத்துக்குப் போகும். பிஹெச் 7-ல் அது பத்தில் ஒரு பங்குதான். 9-ல் பத்தில் ஒன்பது பங்கு! மாவாவில் சுண்ணாம்பு சேர்க்கிறது சும்மா இல்லை.

விட்டதும் எரிச்சல், தூக்கமின்மை, கவனச்சிதறல் வரும். 2, 3 நாளில் உச்சம், அப்புறம் சில வாரத்தில் குறையும். பிரஸ் மெஷின் முன்னாடி நிக்கிறவருக்குக் கவனச்சிதறல்னா விரல் போற விஷயம். லீவிலோ டே ஷிப்ட் வாரத்திலோ ஆரம்பிக்கிறதுதான் புத்திசாலித்தனம்னு நான் சொல்வேன்.

விட ஆசையே இல்லைன்னு நினைக்காதீங்க. 2016-17 தேசிய புகையிலை ஆய்வில், புகையில்லாப் புகையிலை போடுறவங்களில் 49.6% பேர் விடும் யோசனையில் இருந்தாங்க. ஆனா டாக்டர்கிட்ட போனப்போ "விடுங்க"ன்னு அறிவுரை கிடைச்சது 31.7% பேருக்குத்தான். சிகரெட், பீடி பிடிக்கிறவங்களுக்கு அது 48.8%. வாடை வராத பழக்கத்தை யார் கேட்பாங்க?

தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவுக்குத் தடை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் ரத்து செஞ்சது. ஏப்ரலில் அந்தத் தீர்ப்பையே உச்ச நீதிமன்றம் நிறுத்தி வெச்சது. தடை தயாரிப்பு, விற்பனைக்குத்தான், போடுறவருக்கு இல்லை. அதனால டாக்டர்கிட்ட மறைக்க வேண்டியதில்லை. இன்னொரு சிக்கல்: பாக்கெட்டில் இருக்கிற படத்தைப் பார்த்தே விட யோசிச்சவங்க 46.2%. பாலித்தீனில் மடிச்சுத் தர்ற மாவாவில் படம் ஏது? 2018 முதல் பாக்கெட்டில் அச்சாகுற 1800-11-2356 என்ற இலவச எண்ணும் ஏது?

நிக்கோடின் கம் வாங்குறவங்களும் டீ பிரேக்கில்தான் சறுக்குறாங்க. டீ, காபி குடிச்சா வாயில் பிஹெச் இறங்கும், அதே கணக்குதான், நிக்கோடின் ஏறாது. "கம் வேலை செய்யலை"ன்னு திரும்ப ஹான்ஸ். குடிச்சு 15 நிமிஷம் கழிச்சு, சுருக்குனு காரம் தட்டுற வரை மெதுவா மென்னு, கன்னத்தில் ஒதுக்கி வைக்கணும். ஒதுக்குறதுக்கு அவங்களுக்குச் சொல்லித்தரவே வேண்டாம்.