பறித்த பின்னும் மூச்சுவிடும் பழம்

மரத்தில் குறையின்றி இருந்த மாங்காய், மூன்றாம் நாள் சந்தையில் கறுத்துச் சுருங்கிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வியாபாரி அதைக் கழித்து ஒதுக்குவார். சொந்தக் காணியை விட்டு வந்து, ஒன்றிரண்டு மரங்களின் பலனை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது சிறிய நட்டமல்ல. ஏன் இப்படி நடக்கின்றது?

பறித்ததும் பழத்தின் உயிர் போய்விடுவதில்லை. அது நம்மைப் போலவே ஒட்சிசனை உள்ளெடுத்து, காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றது. மரத்தில் இருந்தபோது வேர் நீரையும் இலை உணவையும் கொடுத்தன. பறித்தபின் வரவு நின்றுவிடும். செலவு மட்டும் தொடரும். மாப்பொருள் சீனியாக மாறும். சீனி மூச்சில் செலவாகும். நீர் தோலினூடாக வெளியேறும். வெப்பநிலை 10 பாகை செல்சியசு கூடினால் மூச்சின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும்.

மா, வாழை, பப்பாசி ஆகியவற்றை முற்றிய காயாகப் பறித்தால் பின்னர் கனியும். அவை வெளிவிடும் எதிலீன் என்னும் வாயுவே கனிதலைத் தூண்டுகின்றது. அடிபட்ட பழம் இவ்வாயுவைக் கூடுதலாக விடும். அருகிலுள்ளவையும் முந்திப் பழுக்கும். அன்னாசி, தோடை, திராட்சை அவ்வாறல்ல. பறித்தபின் அவற்றின் இனிப்பு அதிகரிக்காது.

மாங்காய்க்குச் செய்யவேண்டியவை:

1. காம்படியில் தோள் புடைத்த காயையே பறியுங்கள். முற்றாத காய் வெம்பிச் சுருங்கும்.

2. மரத்தை உலுப்ப வேண்டாம். கொக்கைத்தடியில் வலைப்பை கட்டிப் பறியுங்கள். உள்ளே பட்ட அடி அன்று தெரியாது, பழுக்கும்போதே தெரியும்.

3. நீண்ட காம்புடன் பறியுங்கள். பின் காம்பைக் குறுக்கி, தடிகளின்மேல் கவிழ்த்து வைத்துப் பால் வடியவிடுங்கள். பால் பட்ட தோல் எரிந்து கறுக்கும்.

4. பறித்தவுடன் நிழலுக்குக் கொண்டுவாருங்கள். மரமில்லாத இடத்தில் நான்கு தடியும் சில கிடுகுகளும் போதும்.

5. சாக்கில் அடைக்காமல், வைக்கோல் பரப்பிய, காற்றோட்டமுள்ள பெட்டியில் அடுக்குங்கள். அடிபட்டவற்றைப் பிரித்து அன்றே ஊறுகாய்க்கோ வற்றலுக்கோ வெட்டுங்கள்.

6. பழுக்கவைக்கக் காபைட்டுக் கல் வேண்டாம். அதில் ஆசனிக்கு என்னும் நஞ்சு கலந்திருக்கலாம். வைக்கோலுக்குள் சில கனிந்த பழங்களைச் சேர்த்து வைத்தால் போதும்.

செய்து பாருங்கள்: ஒரே மரத்தில் ஒரே நாளில் 20 காய்களை எடுங்கள். பத்தை உலுப்பி விழுத்திச் சாக்கிலும், பத்தை மேற்சொன்னவாறு பறித்துப் பெட்டியிலும் வையுங்கள். ஆறாம் நாள் விற்கக்கூடியவற்றை எண்ணுங்கள். அந்த வித்தியாசமே இதுவரை உங்கள் கைக்கு வராமற்போன பணம்.