ஈமோ இசை: ஓர் அறிமுகம்

'ஈமோ' என்றாலே அழுகைப் பாட்டு என்று விடுதி நண்பர்கள் நகைக்கின்றனர். உண்மை வேறு. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 'ஹார்ட்கோர் பங்க்' இசை ஓங்கியிருந்தது. வேகமும் சினமுமே அதன் உயிர். 1985-இல் 'ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்' குழுவினர் அவ்வேகத்தைக் கைவிடாமலே தம் சொந்தத் துயரைப் பாடுபொருளாக்கினர். 'எமோஷனல் ஹார்ட்கோர்' எனப் பிறர் இட்ட பெயர் 'ஈமோ' எனச் சுருங்கிற்று. 1994-இல் சியாட்டிலின் 'சன்னி டே ரியல் எஸ்டேட்' மென்மையும் முழக்கமும் மாறி மாறி வரும் முறையை வளர்த்தது.

புதியோர், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பயின்ற மூவர் 1999-இல் வெளியிட்ட 'அமெரிக்கன் ஃபுட்பால்' தொகுப்பிலிருந்து தொடங்குக. அதில் முழக்கம் குறைவு; பிரிவே பொருள். வீட்டாரிடம் தொலைபேசியில் "நலமே" என்று சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பும் நமக்கு அஃது அயலாகத் தோன்றாது.