நடைப் பயிற்சியும் கொழுப்பு மாத்திரையும்

சென்னையில் மயிலாப்பூர் நாகேசுவர ராவ் பூங்கா, தியாகராய நகர் நடேசன் பூங்கா, பெசன்ட் நகர்க் கடற்கரை ஆகிய இடங்களில் விடியற்காலையிலேயே பலர் நடை பயில்வதைக் காணலாம். 2023 நவம்பரில் பெசன்ட் நகரில் 8 கிலோமீட்டர் நடைபாதையுடன் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தை அரசு தொடங்கிற்று. அங்கு நடப்போரும், நம் வயல்களில் உழைப்போரும் கேட்கும் கேள்வி ஒன்றே: “வியர்க்க வியர்க்கப் பாடுபடும் எங்களுக்குக் கொழுப்பு மாத்திரை எதற்கு?” இவ்வெண்ணத்தால் மாத்திரையை நடுவில் நிறுத்திவிடுவோர் உண்டு. அது உயிருக்கே ஊறு விளைவிக்கலாம்.

உழைப்பினால் மட்டும் ஏன் போதாது?

கொலஸ்டிரால் என்பது உணவிலிருந்து மட்டும் வருவதன்று. அதன் பெரும்பகுதியை நம் உடலே உண்டாக்குகிறது. உடலுழைப்பு இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் குறைக்கும்; நல்ல கொழுப்பைச் சிறிது கூட்டும். ஆனால் இரத்தக் குழாயில் படியும் கெட்ட கொழுப்பை அது சிறிதளவே குறைக்கும். வாய்க்காலில் நீர் விரைந்தோடினாலும், மடை வழியே வண்டல் வந்துகொண்டிருந்தால் படியத்தானே செய்யும்? பரம்பரையாகக் கொழுப்பு மிகுந்தவர்க்கு இது முற்றிலும் பொருந்தும்.

அரிசியில் கிடைத்த மருந்து

ஜப்பானில் உழவர் குடும்பத்தில் பிறந்த அகிரா எண்டோ என்னும் அறிஞர், கியோட்டோ நகரத் தானியக் கடை அரிசியில் வளர்ந்த பூஞ்சணத்திலிருந்து, 1973-இல் இவ்வகை மருந்தின் முதல் பொருளைப் பிரித்தெடுத்தார். கல்லீரல் கொலஸ்டிராலை உண்டாக்குவதை அது தடுத்தது. ‘ஸ்டேட்டின்’ எனப்படும் இவ்வகை மருந்துகளுள் முதலாவது 1987-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

தசை வலி வருமா?

பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2022-இல் வெளியான முடிவின்படி, இம்மாத்திரை உண்போர்க்குத் தோன்றும் தசை வலிகளில் 10-இல் 9-க்கு மேற்பட்டவை மாத்திரையால் வந்தவை அல்ல. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் நான்கு நாட்கள் நெடுந்தொலைவு நடந்தோரை ஆராய்ந்து 2023-இல் வெளியிட்ட கட்டுரையும், மாத்திரை உண்டவர்க்குத் தசைச் சேதம் மற்றவர்களைவிட மிகவில்லை என்றே கூறிற்று. மருந்தும் உடற்பயிற்சியும் சேர்ந்திருந்தோரிடமே இறப்பு மிகக் குறைவு என, அமெரிக்க முன்னாள் படைவீரர் சுமார் 10,000 பேரை ஆராய்ந்தோர் 2013-இல் கண்டனர்.

எனினும், கடுமையான தசை வலி, தளர்ச்சி, கருஞ்சிவப்புச் சிறுநீர் ஆகியவை தோன்றின் உடனே மருத்துவரிடம் செல்லல் வேண்டும். கருவுற்றோரும் மருத்துவரைக் கேளாமல் இதனை உண்ணலாகாது.

நாம் செய்யத்தக்கன

2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறியுடன் வருவோர்க்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் 14 மாத்திரைகள் தரப்படுகின்றன. அவற்றுள் 8 இவ்வகையைச் சேர்ந்த அட்டோர்வாஸ்டேட்டின். இச்செய்தியை ஊராட்சி உறுப்பினர்கள் கிராம சபையில் எடுத்துரைக்க வேண்டும். நெஞ்சு வலி கண்டால் ‘வாயுப் பிடிப்பு’ என்று காலங்கடத்தாமல் 108-ஐ அழைக்கவும் சொல்ல வேண்டும்.

நடப்பவர் நடையை விடவேண்டா. மருத்துவர் தந்த மாத்திரையையும் தாமாக நிறுத்தவேண்டா. இரண்டும் ஒரே வண்டியில் பூட்டிய இரு காளைகள்.