மதரஸாவுக்கு வரும் வியாபாரப் பங்கு: கையெழுத்துப் போடும் முன்



“மண்டியில் எனக்குள்ள நாலணாப் பங்கை மதரஸாவுக்கு எழுதித் தருகிறேன்” என்று ஒருவர் முன்வந்தால், அல்ஹம்துலில்லாஹ் என்று ஏற்றுக்கொள்ளவே மனம் வரும். மனையோ கடையோ வக்ஃப் செய்வதுபோலத்தான் இதுவும் என்று நினைக்கிறோம். மனையில் வாடகை வராமல் போகலாம். கூட்டு வியாபாரப் பங்கிலோ கடனே வந்து சேரலாம்.

பத்திரம் எழுதிப் பதிந்த அறக்கட்டளை சட்டத்தின் கண்ணில் கம்பெனியைப் போலத் தனி ஆள் அல்ல. (வக்ஃப் வாரியச் சொத்துக்குத் தனிச் சட்டம் உண்டு, அதை இங்கே பேசவில்லை.) எனவே கூட்டு ஒப்பந்தத்தில் “அறக்கட்டளைக்காக” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலும், வெளியாரைப் பொறுத்தவரை கூட்டாளி ஆவது கையெழுத்திட்ட அறங்காவலர்தான். 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 25ஆம் பிரிவின்படி, அவர் கூட்டாளியாக இருக்கும் காலத்தில் நிறுவனம் பட்ட கடன் முழுவதற்கும் ஒவ்வொரு கூட்டாளியும் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பாளி.

உதாரணத்துக்கு, மண்டி சரக்குக்காரர்களுக்கு 40 லட்சம் தரவேண்டும். சொத்தை விற்றால் 25 லட்சம்தான் தேறும். மீதி 15 லட்சத்தில் நாலணாக் கணக்குப் பார்த்து 3.75 லட்சம் மட்டும் கேட்கவேண்டும் என்ற கட்டாயம் சரக்குக்காரருக்கு இல்லை. வசதியுள்ள ஓர் அறங்காவலரின் வீட்டின் மீதே முழுத் தொகைக்கும் வழக்குப் போகலாம். கட்டியதை அறக்கட்டளைச் சொத்திலிருந்து திரும்பப் பெறலாமே என்றால், அறக்கட்டளைப் பத்திரம் அந்த வியாபாரத்துக்கு இடம் கொடுத்திருக்க வேண்டும், சொத்தும் மிச்சம் இருக்க வேண்டும். அவர் மௌத்தாகிவிட்டால் அந்தக் கடனை அடைத்த பிறகுதான் பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்க முடியும்.

அமானத்தைக் காப்பவர் தன் தவறில்லாத நஷ்டத்துக்குப் பொறுப்பல்ல என்றும், முளாரபாவில் பணம் போட்டவரின் நஷ்டம் முதலோடு நிற்கும் என்றும் ஃபிக்ஹில் படித்திருக்கிறோம். சரிதான். ஆனால் ஒப்பந்தத்தில் “கூட்டாளி” என்று எழுதிக் கையெழுத்திட்டவர் கடன்காரரின் வழக்கில் அதைச் சொல்லித் தப்ப முடியாது.

அதற்காகத் தருமத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. அதே சட்டத்தின் 29ஆம் பிரிவில் நல்ல வழி இருக்கிறது. கொடுப்பவரே கூட்டாளியாக நீடித்து, தன் லாப உரிமையை மட்டும் எழுதித் தரலாம். அறக்கட்டளைக்கு லாபத்தில் பங்கு வரும்; நிறுவனம் கலைந்தால் சொத்தில் அவர் பங்கும் வரும். கணக்குப் புத்தகத்தைக் கேட்டுப் பார்க்கும் உரிமை இராது, ஆனால் கூட்டாளி என்ற பொறுப்பும் வராது. என் கருத்தில் இது லாபமான பேரம். அதைவிட எளிது, அவரே பங்கை விற்றுப் பணமாகத் தருவது. வருமான வரி விலக்குக்காக அறக்கட்டளைப் பணத்தைப் போடலாம் என்று சட்டம் அனுமதிக்கும் இனங்களில் கூட்டு வியாபாரப் பங்கு இல்லை என்பதையும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள் அறங்காவலர் பதவியை ராஜினாமா செய்தால் மட்டும் போதாது. கூட்டிலிருந்தும் விலக வேண்டும். பதிவான நிறுவனமானால் நிறுவனப் பதிவாளருக்கு அறிவிப்புக் கொடுத்து, அரசிதழிலும் அந்த மாவட்டத்தில் ஓடும் ஒரு தமிழ் நாளிதழிலும் வெளியிட வேண்டும். அதுவரை நிறுவனம் படும் புதுக் கடனும் அவர் தலையில் விழலாம். விலகுவதற்கு முன் பட்ட கடன், அறிவிப்புக்குப் பிறகும் அவரை விடாது.